ஃப்ளாஷ் கரகரத்த கதை: பின்னாலிருந்து நகலெடுத்த மெம்காப்பி

2010 செப்டம்பர் மாதக் கடைசி. ஃபெடோரா 14 லினக்ஸ் வெளிவர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அதன் சோதனைப் பதிப்பை நிறுவிப் பார்த்த ஒருவர் ரெட் ஹேட் நிறுவனத்தின் பிழைப் பதிவேட்டில் ஒரு புகார் எழுதினார். ஃப்ளாஷ் வழியாக எம்பி3 பாட்டு ஓடும் தளங்களில் சத்தம் விநோதமாகக் கேட்கிறது, அவ்வளவுதான் புகார். 638477 என்று அதற்கு ஒரு எண் விழுந்தது. இந்த மாதிரிப் புகார் வந்தால் சவுண்ட் கார்டு டிரைவரை நாலு திட்டு திட்டிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவதுதான் வழக்கம். இது அப்படிப் போகவில்லை. நவம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்தப் பக்கத்துக்கு வந்து சண்டை போட்டார். ஏனென்றால் கோளாறு சவுண்ட் கார்டில் இல்லை. புது ப்ராசசர்களில் கணினி இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்று சிஸ்டம் லைப்ரரியில் சேர்த்த ஒரு பேட்ச்தான் காரணம்!

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை மாதிரி இருக்கிறது இல்லையா? கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பித்தால்தான் இது புரியும்.

லினக்ஸில் ஓடும் ஏறக்குறைய எல்லா நிரலும் ஒரே ஒரு லைப்ரரியை நம்பி இருக்கிறது. அதன் பெயர் குனூ சி லைப்ரரி, சுருக்கமாக ஜிலிப்சி. கோப்பைத் திறப்பது, நினைவகம் கேட்பது, எழுத்துச் சரங்களை ஒப்பிடுவது, ஓர் இடத்தில் இருக்கும் பைட்டுகளை இன்னோர் இடத்துக்கு நகலெடுப்பது, இந்த மாதிரி அடிப்படை வேலை எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஒவ்வொரு நிரலும் தனக்கென்று ஒரு பிரதி வைத்துக்கொள்வதில்லை. வட்டில் ஒரே பிரதிதான், எல்லா நிரலும் ஓடும்போது அதனுடன் இணைந்துகொள்ளும். ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. தூர்வாரினால் ஊருக்கே தண்ணீர், அழுக்கு விழுந்தாலும் ஊருக்கே.

அதனால்தான் வேகத்தைக் கூட்ட நினைக்கிறவர்களின் கண் முதலில் இங்கே போகிறது. ஒரு தனி நிரலை வேகப்படுத்தினால் அந்த நிரல் மட்டும்தான் வேகமாகும். ஜிலிப்சியின் நகலெடுக்கும் செயல்கூறை வேகப்படுத்தினால் உலாவியிலிருந்து தரவுத்தளம் வரை எல்லாமே, ஒரு வரிகூட மாற்றாமல், மறுபடி கம்பைல் செய்யாமல் வேகமாகும்.

ஆனால் இதில் பழைய சிக்கல் ஒன்று உண்டு. 1990களில் லினக்ஸ் வழங்கல்களின் தொகுப்புகளை 386 ப்ராசசருக்குப் பொருந்தும்படி கம்பைல் செய்வார்கள். அப்போதுதான் எல்லாருடைய கணினியிலும் ஓடும். இன்டெல் சும்மா இருக்குமா? 1995ல் பென்டியம் ப்ரோ, 1997ல் எம்எம்எக்ஸ், 1999ல் பென்டியம் 3 உடன் எஸ்எஸ்இ, 2000ல் பென்டியம் 4 உடன் எஸ்எஸ்இ2 என்று புதுப்புதுக் கட்டளைகளாகச் சேர்த்துக்கொண்டே போனது. காசு கொடுத்து வாங்கிய ப்ராசசருக்குள் அந்தக் கட்டளைகள் எல்லாம் சும்மா தூங்கும், லைப்ரரியோ 386 மொழியிலேயே பேசிக்கொண்டிருக்கும்.

இதற்கு ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். ரெட் ஹேட் மற்ற தொகுப்புகளை 386க்குக் கொடுத்தாலும் கெர்னல், ஜிலிப்சி போன்ற சிலவற்றுக்கு மட்டும் 686 பதிப்பையும் தனியாகக் கொடுத்தது. டெபியனில் லிப்சி6-ஐ686 என்று ஒரு தனித் தொகுப்பு இருந்தது. அதை நிறுவினால் லைப்ரரியின் இன்னொரு முழுப் பிரதி ஒரு தனி அடைவில் போய் உட்காரும், டைனமிக் லிங்கர் ப்ராசசரைப் பார்த்துவிட்டு அதை எடுத்துக்கொள்ளும். அந்த அடைவின் பெயரிலேயே 'சிமூவ்' என்ற சொல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சிமூவ் என்பது பென்டியம் ப்ரோவில் வந்த ஒரு கட்டளை. வியா நிறுவனத்தின் ஆரம்பகால சி3 ப்ராசசர்களில் அது மட்டும் கிடையாது. 686 என்று நினைத்து அதில் ஓட்டினால் நிரல் அங்கேயே விழுந்துவிடும். இன்னொரு கோஷ்டி ஜென்டூ ரசிகர்கள். 2002ல் அதன் 1.0 பதிப்பு வந்தது. எல்லாவற்றையும் தன் ப்ராசசருக்கென்றே மூலநிரலிலிருந்து கம்பைல் செய்துகொள்வார்கள். மிச்சமான விநாடிகளைக் காட்டிலும் கம்பைல் ஆகக் காத்திருந்த மணிநேரம்தான் அதிகம் என்று மற்றவர்கள் கிண்டல் அடிப்பது வேறு விஷயம்.

முழு லைப்ரரிக்கும் இரண்டு பிரதி, மூன்று பிரதி என்று வைப்பது வீண். மாறுவது சில செயல்கூறுகள்தானே? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தது 2009ல். இன்டெலில் வேலை பார்த்த எச்.ஜே. லூ முன்வைத்த 'ஐஃபங்க்' என்ற ஏற்பாடு அது. இவர் புதியவர் அல்ல. 1990களில் லினக்ஸுக்கென்று தனியாக ஓடிக்கொண்டிருந்த பழைய சி லைப்ரரியைக் கவனித்துக்கொண்டவரே இவர்தான். ஐஃபங்க் முறையில் ஒரே பெயருக்குப் பின்னால் பல செயல்கூறுகள் இருக்கலாம். நிரல் இணையும்போது ஒரு சின்ன தேர்வுச் செயல்கூறு ஓடி, "உன்னிடம் என்னென்ன கட்டளை இருக்கிறது?" என்று ப்ராசசரையே கேட்கும். பதிலைப் பார்த்துப் பொருத்தமானதின் முகவரியைக் கொடுத்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியதில்லை. 2009ல் வெளிவந்த ஜிலிப்சி 2.11 இதைப் பயன்படுத்த ஆரம்பித்தது.

யார் கேட்டு யார் தேர்ந்தெடுப்பது என்பது அந்த நாட்களில் சின்ன விஷயமாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்டெலின் சொந்தக் கம்பைலரும் இதே மாதிரி ஓடும்போது தேர்ந்தெடுக்கும் நிரலை உருவாக்கிக் கொடுத்தது. ஆனால் அது ப்ராசசரில் என்ன கட்டளை இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை, அதைச் செய்தது இன்டெலா என்றும் பார்த்தது. ஏஎம்டி ப்ராசசரில் அதே கட்டளைகள் இருந்தாலும் மெதுவான பாதைதான் கிடைத்தது. டென்மார்க் ஆராய்ச்சியாளர் ஆக்னர் ஃபாக் இதை விலாவாரியாக எழுதினார். 2010ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் இன்டெல் செய்துகொண்ட சமரசத்தில் கம்பைலர் விவகாரமும் ஒரு பகுதியாக வந்தது. ஜிலிப்சியில் தேர்வு நடக்கும் வரிகள் எல்லாரும் படிக்கும்படி திறந்து கிடந்தன என்பது பெரிய வித்தியாசம்.

சரி, ஐஃபங்க் வந்துவிட்டது. கதவு திறந்த கையோடு இன்டெல் பொறியாளர்கள் செயல்கூறு செயல்கூறாக வேகப் பேட்ச்களை அனுப்ப ஆரம்பித்தார்கள். அதில் ஒன்றுதான் 2010 நடுவில் சேர்ந்த புதிய 64 பிட் மெம்காப்பி. கோர் 2, ஆட்டம், கோர் ஐ7 ப்ராசசர்களை மனதில் வைத்து எழுதியது. மெம்காப்பியின் வேலை மிக எளிது: இங்கே இருக்கும் இத்தனை பைட்டை அங்கே நகலெடு. இவ்வளவு சின்ன வேலைக்கு ஆயிரக்கணக்கான வரி அசெம்பிளி எதற்கு?

காரணம் ப்ராசசரின் குணம். அந்தக் காலத்து இன்டெல் ப்ராசசர் 16 பைட்டை ஒரே மடக்கில் தூக்கும், ஆனால் முகவரி 16ஆல் வகுபட வேண்டும். வகுபடாத இடத்திலிருந்து தூக்கச் சொன்னால் கோர் 2 தடுமாறும். 2006ல் கோர் 2 உடன் வந்த எஸ்எஸ்எஸ்இ3 கட்டளைத் தொகுப்பில் இதற்கு ஒரு கருவி இருந்தது. வரிசையான இரண்டு 16 பைட் துண்டுகளை ஒழுங்கான இடத்திலிருந்து எடுத்து, ஒட்டி, நடுவில் வேண்டிய 16 பைட்டை மட்டும் வெட்டி எடுக்கும் கட்டளை அது. எத்தனை பைட் தள்ளி வெட்டுவது என்பதைக் கட்டளைக்குள்ளேயே எழுத வேண்டும் என்பதால் ஒவ்வொரு தள்ளலுக்கும் தனித்தனி நிரல் தேவைப்பட்டது. வரிகள் பெருத்தது அப்படித்தான்.

இன்னொரு நுணுக்கம்தான் வம்பை இழுத்தது. ப்ராசசர் எழுதி முடிக்கும் வரை காத்திருக்காது, அடுத்ததை முன்கூட்டியே வாசிக்க ஆரம்பித்துவிடும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் அதே இடத்தை வாசித்துவிடக் கூடாதே என்று இரண்டு முகவரிகளையும் ஒப்பிடும். முழு முகவரியையும் அல்ல, கடைசி 12 பிட்டை மட்டும்! அதனால் 4096 பைட் தள்ளி இருக்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு இடங்கள்கூட அதன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். வீணாக நின்று காத்திருக்கும். சில சமயங்களில் முதல் பைட்டிலிருந்து போகாமல் கடைசி பைட்டிலிருந்து பின்னோக்கி நகலெடுத்தால் இந்தக் காத்திருப்பு ஏற்படாது. ஆகவே புதிய மெம்காப்பி பின்னாலிருந்தும் நகலெடுத்தது. கோர் ஐ3, ஐ5, ஐ7 ப்ராசசர்களுக்குப் பின்னோக்கி நகலெடுப்பதே வேகம் என்று ஜிலிப்சிக்குள் ஒரு குறியே வைத்திருந்தார்கள்.

எந்தத் திசையில் நகலெடுத்தால் என்ன, கடைசியில் எல்லாம் வந்து சேர்ந்தால் சரிதானே? எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றின்மேல் ஒன்று படியாத வரைக்கும் சரிதான். படிந்தால்?

ஆறு பெட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டி காலி, 2 முதல் 6 வரை க, ச, ட, த, ப என்ற எழுத்துகள். அவற்றை ஒரு பெட்டி இடப்பக்கம் தள்ளி 1 முதல் 5 வரை நகலெடுக்க வேண்டும். முன்னாலிருந்து ஆரம்பித்தால் க முதல் பெட்டிக்கு வரும், ச இரண்டாவதற்கு வரும், இப்படியே ப ஐந்தாவதற்கு. எல்லாம் ஒழுங்கு. பின்னாலிருந்து ஆரம்பித்தால் முதலில் ஆறாவது பெட்டியில் இருக்கும் ப ஐந்தாவதற்குப் போகும், அங்கே இருந்த த அழிந்துவிடும். அடுத்து ஐந்தாவதை நான்காவதில் நகலெடுத்தால் அதுவும் ப. கடைசியில் ஐந்து பெட்டியிலும் ப, ப, ப, ப, ப!

சி மொழியை வகுத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1989ல் வந்த தரநிலையிலேயே இரண்டு செயல்கூறு வைத்தார்கள். இடம் படியும் என்றால் மெம்மூவ் என்பதைக் கூப்பிட வேண்டும், அது திசையைப் பார்த்து ஜாக்கிரதையாக நகலெடுக்கும். மெம்காப்பி படியாத இடங்களுக்கு மட்டும். படியும் இடத்துக்கு அதைக் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தரநிலை எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

ஃப்ளாஷ் செய்த தவறு இதுதான். ஒலித் தரவை நினைவகத்தில் கொஞ்சம் முன்பக்கம் நகர்த்த அது மெம்காப்பியைக் கூப்பிட்டது. அதுவரை இருந்த மெம்காப்பி முன்னாலிருந்து நகலெடுத்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. புதிய மெம்காப்பி வந்ததும் பாட்டு ப, ப, ப ஆனது. அதுவும் எல்லாக் கணினியிலும் இல்லை. ப்ராசசரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு ஆயிற்றே! ஒரே ஃபெடோரா, ஒரே ஃப்ளாஷ், ஒருவர் மடிக்கணினியில் கரகரக்கும், பக்கத்தில் இருப்பவரின் பழைய கணினியில் சுத்தமாகப் பாடும். சந்தேகம் சவுண்ட் டிரைவர் மேல் போனதில் ஆச்சரியம் இல்லை. நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் கருவியில் ஓட்டிப் பார்த்தபோதுதான் மெம்காப்பிக்குக் கொடுத்த இரண்டு இடங்களும் படிகின்றன என்ற குட்டு வெளிப்பட்டது.

டோர்வால்ட்ஸ் இன்னொரு வகையிலும் இதை நிரூபித்தார். முன்னாலிருந்து நகலெடுக்கும் எளிய மெம்காப்பி ஒன்றை எழுதி, எல்டி_ப்ரீலோட் என்ற வசதியால் ஜிலிப்சிக்கு முன்பாக அதை நுழைத்து உலாவியை ஓட்டினார். சத்தம் சரியாகிவிட்டது.

ஜிலிப்சி பக்கத்தில் இருந்தவர்கள் இது எங்கள் பிழை இல்லை என்று புகாரை மூடினார்கள். தரநிலையைப் புரட்டினால் அவர்கள் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. விதியை மீறியது ஃப்ளாஷ், திருத்த வேண்டியது அடோபி.

டோர்வால்ட்ஸின் வாதம் வேறு. தரநிலை என்ன சொல்கிறது என்பது பாட்டுக் கேட்கிறவருக்கு எதற்கு? நேற்று வரை ஓடியது, லைப்ரரியைப் புதுப்பித்ததும் கெட்டுப்போனது. அவருக்கு அது லினக்ஸின் கோளாறுதான். கெர்னலில் அவர் விடாப்பிடியாகக் கடைப்பிடித்த விதி இதுவே: ஓடிக்கொண்டிருக்கும் நிரலை உடைக்கக் கூடாது, அந்த நிரல் தப்பாகவே எழுதியிருந்தாலும். மெம்காப்பியைப் பேசாமல் மெம்மூவுக்கே திருப்பிவிடுங்கள் என்றார். பின்னோக்கிப் போவதால் கிடைக்கும் வேக ஆதாயத்தையே கேள்வி கேட்டார். (வேடிக்கை என்னவென்றால், அதே 2010ல் கெர்னலுக்குள் இருக்கும் மெம்காப்பிக்கும் இன்டெலிலிருந்து இதே பின்னோக்கு உத்தி ஒரு பேட்சாக வந்து சேர்ந்தது. ஆனால் கெர்னலின் மெம்காப்பியைக் கூப்பிடும் நிரல் எல்லாம் கண்முன்னே மூலநிரலாகக் கிடக்கிறது, தப்பு இருந்தால் தேடித் திருத்தலாம்.)

உண்மையான முடிச்சு அங்கேதான் இருந்தது. ஃப்ளாஷ் மூடிய மூலநிரல். 64 பிட் லினக்ஸுக்கான முதல் சோதனைப் பதிப்பை அடோபி 2008 நவம்பரில் கொடுத்தது, 2010 ஜூனில் நிறுத்திவிட்டது, புகார் வந்த அதே செப்டம்பரில்தான் 'ஸ்கொயர்' என்ற பெயரில் மறுபடி கொடுத்தது. இதே தவறு சில திறமூல நிரல்களிலும் வெளிவந்தது. அவற்றில் மெம்காப்பியை மெம்மூவ் என்று மாற்றி ஒரே வரியில் வேலையை முடித்தார்கள். ஃப்ளாஷில் அந்த ஒரு வரியைத் தொட அடோபியைத் தவிர யாராலும் முடியாது. ஃபெடோராக்காரர்கள் பாடுதான் மத்தளம்: பயனர் ஒரு பக்கம் இடிக்க, தரநிலை இன்னொரு பக்கம் இடிக்க.

இரண்டு தரப்பில் ஒன்றை முழுக்க ஏற்றுக்கொள்வது கஷ்டம். தரநிலையை மட்டும் பார்த்தால் பாட்டுக் கேட்கிறவர் பலிகடா ஆகிறார். டோர்வால்ட்ஸ் சொன்னபடியே என்றைக்கும் நடந்தால், யாரோ எப்போதோ செய்த தப்புக்காகச் சரியாக எழுதினவர்களின் வேகமும் கட்டிப்போடப்படும். ஆனால் ஒன்று. மெம்காப்பி பின்னோக்கி ஓடும் என்று யாரும் முன்கூட்டி ஊருக்குத் தண்டோரா போடவில்லை. விதி புத்தகத்தில் இருபது வருஷமாக இருந்தது உண்மை. அதை மீறினால் தண்டனை கிடையாது என்பதும் நடைமுறையில் அத்தனை வருஷப் பழக்கம்.

2011ல் வந்த ஜிலிப்சி 2.14 இதற்கு ஒரு தீர்வு வைத்தது. ஜிலிப்சியில் ஒவ்வொரு செயல்கூறின் பெயருடனும் ஒரு பதிப்பு முத்திரை உண்டு. ஒரு நிரலைக் கம்பைல் செய்யும்போது அந்த முத்திரையும் சேர்ந்து நிரலுக்குள் பதிந்துவிடும். 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் மெம்காப்பியின் பழைய முத்திரை 2.2.5. இனி அந்த முத்திரையுடன் வந்து மெம்காப்பி கேட்கும் பழைய நிரல்களுக்குச் சத்தமில்லாமல் மெம்மூவைக் கொடுத்துவிடுவது. புதிதாகக் கம்பைல் ஆகும் நிரல்களுக்கு 2.14 என்ற முத்திரையும் வேகமான மெம்காப்பியும். பழைய நிரலுக்குப் பழைய பாதுகாப்பு, புது நிரலுக்குப் புது வேகம். டோர்வால்ட்ஸ் கேட்டதும் கிடைத்தது, தரநிலைக்காரர்கள் கேட்டதும் கிடைத்தது.

இதற்கும் ஒரு விலை இருந்தது. 2010 நவம்பரில் வந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 6ல் இருந்தது ஜிலிப்சி 2.12. நிறுவனங்கள் அதைப் பல வருஷம் விடாமல் ஓட்டின. புதிய கணினியில் கம்பைல் செய்த நிரலை அங்கே கொண்டுபோய் ஓட்டினால், 'ஜிலிப்சி 2.14 காணவில்லை' என்று சொல்லி நின்றுவிடும். இத்தனைக்கும் அந்த நிரல் கேட்டது மெம்காப்பி என்ற ஒன்றை மட்டும்தான் என்றும் இருக்கும். பழைய முத்திரையையே பதியச் சொல்லும் ஒரு தந்திரமான வரியை மூலநிரலில் சேர்த்து இதைச் சமாளிக்கும் வழி நிரலாளர்களிடையே பரவியது.

ப்ராசசர்களும் மாறிக்கொண்டே போயின. 2008ல் வந்த நெஹேலம் வடிவமைப்பிலேயே 16ஆல் வகுபடாத இடத்திலிருந்து தூக்குவது மலிவாகிவிட்டது. 2012ல் வந்த ஐவி பிரிட்ஜில் ஒரு பழைய நகல் கட்டளையையே வேகமாக்கிவிட்டார்கள். ஒட்டி வெட்டும் வித்தைக்கெல்லாம் தேவை குறைந்தது. 2016ல் எச்.ஜே. லூவின் பேட்ச்கள் வழியாக ஜிலிப்சி 2.24ல் சேர்ந்த புதிய நிரலில் மெம்காப்பியும் மெம்மூவும் ஒரே செயல்கூறாக ஆயின. அதாவது ஆறு வருஷம் முன்பு டோர்வால்ட்ஸ் கேட்ட அதே ஏற்பாடு, இந்த முறை வேகத்துக்காகவே! பின்னோக்கி நகலெடுத்த அந்த எஸ்எஸ்எஸ்இ3 நிரலை 2022ல் ஜிலிப்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஃப்ளாஷுக்கு அடோபி தந்த ஆதரவு அதற்கு முன்பே, 2020 டிசம்பர் 31 அன்று முடிந்திருந்தது.

2.2.5, 2.14 என்ற இரண்டு முத்திரைகளை மட்டும் யாரும் நீக்கவில்லை. 64 பிட் லினக்ஸில் கம்பைல் ஆகி மெம்காப்பியைக் கூப்பிடும் நிரல்களில் அந்த 2.14 இன்றும் பதிந்துகொண்டிருக்கிறது.